பஞ்சு மாதிரி வந்த கேக்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் மகள் செல்போனைப் பார்த்துக் கேக் செய்யக் கிளம்பினாள். "எத்தினி பேர் சூப்பர்னு போட்டிருக்காங்க பாரும்மா" என்று திரையை என் மூக்குக்கு நேரே நீட்டினாள். வரிசையாக இதயங்கள், கைதட்டல்கள், 'செய்து பார்த்தேன், அருமை'கள். "இவங்கள்லாம் செஞ்சி பாத்துட்டுப் போட்டாங்களா, சும்மா போட்டாங்களா?" என்று கேட்டேன். குரல் கொஞ்சம் தூக்கலாகத்தான் வந்துவிட்டது. அவள் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு வெனிலா எசன்ஸ் புட்டியைத் திறந்தாள். அந்த வாசனை எனக்கு ஆகாது. எழுந்து வாசலுக்குப் போய்விட்டேன்.

ஏன் ஆகாது என்று உங்களிடம் சொல்வதில் தப்பில்லை. எங்களிடமும் இந்தக் கமெண்ட் சமாசாரம் இருந்தது. மரக்காணத்திலிருந்து பாண்டிச்சேரிக்குக் காலை பஸ்ஸில் ஒன்றாக வேலைக்குப் போகும் பெண்கள் நாங்கள். இருபது வருஷத்துக்கு முந்தைய கதை. நான் பாண்டியில் ஒரு டிடிபி சென்டரில் டைப் அடித்துக்கொண்டிருந்தேன். கிளினிக்கில் நர்ஸாக இருந்த கமலாக்கா, பாண்டி சண்டே மார்க்கெட்டில் அட்டை கிழிந்த சமையல் புத்தகம் ஒன்றை வாங்கி வந்தார். அட்டை இல்லாததால் எழுதியது யாரென்று கடைசிவரை எங்களுக்குத் தெரியாது. அதனால் திட்டுவதற்கு வசதியாக இருந்தது.

புத்தகம் வாரம் ஒரு வீடு போகும். செய்து பார்த்தவள் பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் குறி போட வேண்டும். வந்தால் டிக், வராவிட்டால் பெருக்கல். பக்கத்திலேயே பெயரும் ஒரு வரியும். செய்யாதவள் குறி போடக் கூடாது. சட்டம் அவ்வளவுதான், கமலாக்கா போட்டது. தக்காளி ஜாமுக்கு நாலு டிக். ரசமலாய்க்கு மூன்று பெருக்கல், 'பசங்க பந்து விளையாடலாம்' என்று குறிப்பு. மீன் குழம்புப் பக்கத்தில் கமலாக்கா 'இவங்க மீனைப் படத்துலதான் பாத்திருக்காங்க' என்று எழுதி, சமைக்காமலே பெருக்கல் போட்டிருந்தார். சட்டம் போட்டவரே மீறினார், யார் கேட்பது?

செல்வி எங்கள் எல்லாருக்கும் சின்னவள். எக்ஸ்போர்ட் கம்பெனி ஒன்றில் துணிகளுக்கு அயர்ன் போடும் வேலை. நாள் முழுக்க நின்றுகொண்டே செய்ய வேண்டும். அவள் கெண்டைக்காலில் நரம்பு சுருண்டு நீலமாகப் புடைத்திருக்கும். இன்னும் ரெண்டு வருஷம் இப்படி நின்றால் ஆபரேஷன்தான் என்று டாக்டர் சொல்லியிருந்தார். பஸ்ஸில் இடம் கிடைத்தால் முதலில் அவளைத்தான் உட்கார வைப்போம். அவள் அம்மா உப்பளத்தில் வேலை செய்தார். அதனால் எங்கள் யார் வீட்டிலும் உப்பு காசு கொடுத்து வாங்கியதில்லை. செல்வி பையில் கட்டிக் கொண்டுவந்து கொடுப்பாள். பையின் அடியில் தண்ணீர் கோத்திருக்கும், அவ்வளவு ஈர உப்பு.

அந்தப் புத்தகத்தில் குக்கர் கேக் என்று ஒன்று இருந்தது. அப்போது எங்கள் யார் வீட்டிலும் கேக் சுடும் ஓவன் கிடையாது. குக்கரில் ரெண்டு விரல் உயரத்துக்கு உப்பைப் பரப்பி, அதன்மேல் கேக் பாத்திரத்தை வைத்து, விசில் போடாமல் மூடி, சிறு தீயில் வேக வைக்க வேண்டும். நான் பஸ்ஸில் ஒரு வாரம் இதையே பீற்றிக்கொண்டிருந்தேன். கிரீம் ரோஜா எல்லாம் வைப்பேன் என்று வேறு சொல்லியிருந்தேன்.

புத்தகம் எழுதியவர் காய்ந்த பாக்கெட் உப்பை நினைத்து எழுதியிருக்கிறார். நான் பரப்பியது செல்வி கொடுத்த உப்பை. சூடு ஏறியதும் உள்ளே படபடவென்று வெடிக்க ஆரம்பித்தது. திருஷ்டி சுற்றி அடுப்பில் போட்டால் வெடிக்குமே, அதே சத்தம். ஊர்க்கண் கழிகிறது என்று சிரித்துக்கொண்டு விட்டுவிட்டேன். திறந்தால் கேக் மேலெல்லாம் உப்பு. மாவுக்குள்ளும் புதைந்திருந்தது. என் வீட்டுக்காரர் ஒரு துண்டு வாயில் போட்டுவிட்டுத் தண்ணீர்ச் சொம்பைத் தேடினார். கோழிகூடத் தொடவில்லை.

திங்கட்கிழமை பஸ்ஸில் ஏறியதும் கமலாக்கா, "இன்னாம்மா, கேக்கு வந்துச்சா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டார். அந்த நிமிஷம் என்ன பேய் பிடித்ததோ. பென்சிலை வாங்கி டிக் போட்டு, 'பஞ்சு மாதிரி வந்தது' என்று எழுதினேன். யார் செய்யப் போகிறார்கள் என்ற தைரியம்.

ரெண்டு மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை செல்வி மடியில் ஒரு அட்டைப் பெட்டியோடு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். வெனிலா வாசனை தூக்கியது. பொம்மையார்பாளையத்தில் வெள்ளைக்காரர்கள் வந்து தங்கும் கெஸ்ட் ஹவுஸ் ஒன்று இருந்தது. அதை நடத்துகிற அம்மா, கேக் ஒன்று செய்து எடுத்துவா, நன்றாக இருந்தால் தினம் உன்னிடமே வாங்கிக்கொள்கிறேன் என்று சொன்னாராம்.

"ஆர்டர் கெடச்சா கம்பெனிக்குப் போவ மாட்டேன்க்கா. ஒக்காந்தே செய்லாம். காலு பொழச்சிக்கும்."

நான் பெட்டியைப் பார்த்தேன். "எதப் பாத்துடி செஞ்ச?"

"இன்னாக்கா, உன்னோடதுதான். பஞ்சு மாதிரி வந்துச்சின்னு எழுதியிருந்தியே."

"ருசி பாத்தியா?"

"முழு கேக்க வெட்டிட்டா எப்டி குடுக்கறது?" பெட்டியைத் தடவிக்கொண்டே குரலைத் தாழ்த்தினாள். "அக்கா, உப்பு படபடன்னு வெடிச்சிது. பயந்தே போய்ட்டேன். மேல தெறிச்சத தட்டி உட்டுட்டேன். உனுக்கும் அப்டித்தானே வெடிச்சிது?"

பஸ் அனுமந்தையைத் தாண்டிவிட்டது. முன் சீட்டில் கமலாக்கா காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இப்போது உண்மையைச் சொன்னால் பெட்டியைத் திறந்து ஓரத்தில் கிள்ளி ருசி பார்ப்பாள். இன்னொரு நாள் கொண்டுவருகிறேன் என்றாவது அந்த அம்மாவிடம் சொல்லிக்கொள்வாள். ஆனால் பஸ் மொத்தமும் என்னைத் திரும்பிப் பார்க்கும்.

"ஆமா," என்றேன். "எனக்கும் வெடிச்சிது."

"அதானே," என்று சிரித்தாள். "நீ எழுதுனத நம்பித்தான் அடுப்ப நிறுத்தாம உட்டுட்டேன்."

காலாப்பட்டு வந்தது. வாயைத் திறந்தேன். கண்டக்டர் டிக்கெட் கேட்டார், மூடிக்கொண்டேன். ஸ்பீடு பிரேக்கர் வரும்போதெல்லாம் அவள் பெட்டியை மடியிலிருந்து தூக்கிப் பிடித்தாள். அடுத்த முறை தூக்கும்போது சொல்லிவிடுகிறேன் என்று எனக்கு நானே தவணை வைத்துக்கொண்டேன். தவணை தள்ளிக்கொண்டே போனது. உள்ளங்கை வேர்த்து டிக்கெட் கூழாகிவிட்டது. பொம்மையார்பாளையம் வந்ததும் எழுந்தாள். "வர்றேன்க்கா, சாமிய வேண்டிக்கோ." நான் தலையாட்டினேன். அந்த நரம்பு புடைத்த கால்களோடு ரோட்டைக் கடந்து அவள் கேட்டைத் தட்டுவது வரை ஜன்னலில் தெரிந்தது.

திங்கட்கிழமை வழக்கம்போலக் கம்பெனிக்குப் போக பஸ் ஏறினாள். "அந்தம்மா வாயில வெச்சிட்டு பேப்பர்ல துப்பிட்டாங்க," என்றாள். அழவில்லை. "ஒரே புஸ்தகம், ஒரே உப்பு. உனுக்கு வந்துச்சி, எனுக்கு வரல. எனுக்குக் கை ராசி இல்லக்கா." கமலாக்கா அவள் முதுகைத் தட்டிக் கொடுத்தார். நானும் தட்டிக் கொடுத்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் என் கையே எனக்கு அருவருப்பாக இருக்கிறது. புத்தகம் தன் முறைக்கு வந்தபோது செல்வி பிரிக்காமலே அடுத்தவளிடம் கொடுத்துவிட்டாள்.

அப்புறம் கமலாக்கா ரிடையர் ஆனார். எனக்குக் கல்பாக்கம் பக்கம் வேலை மாறியது. புத்தகம் யார் வீட்டில் கரையான் தின்றதோ. செல்வி கிளியனூரில் வாழ்க்கைப்பட்டு, அங்கிருந்தும் அதே கம்பெனிக்குப் போய் வந்து, காலில் ரெண்டு ஆபரேஷன் ஆகி வீட்டோடு இருக்கிறாள். பொம்மையார்பாளையத்தில் அந்த கெஸ்ட் ஹவுஸையும் இடித்துவிட்டார்கள்.

என் மகளின் கேக் நன்றாகவே வந்தது. அன்று சாயங்காலம் செல்விக்குப் போன் போட்டேன். நலம் விசாரித்து முடித்ததும், மூச்சை இழுத்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். லைன் போய்விட்டதோ என்று ரெண்டு தடவை அலோ சொன்னேன்.

"இருக்கேன்க்கா," என்றாள். "அந்தம்மா நல்லவங்க. உப்பு மட்டுந்தான் தூக்கல், அடுத்த வாரம் இன்னொன்னு செஞ்சி எட்த்துனு வான்னுதான் சொன்னாங்க. எனுக்குத்தான் கை ராசி இல்லன்னுட்டு நான்தான் போவல."