ஆணியடித்த ரூபாய்

தண்டு பஜாரில் நான் மளிகைக் கடை வைத்திருந்த காலத்தில், கள்ளக் காசு வந்தால் கல்லாவின் முன்பலகையில் வைத்து ஆணி அடித்துவிடுவோம். அது மேற்கொண்டு ஊரைச் சுற்றக் கூடாது. வருகிறவர்களும் பார்த்துப் பயப்பட வேண்டும். என் பலகையில் நான்கு காசுகள் இருந்தன. ஐந்தாவதுதான் என்னைப் படாத பாடு படுத்தியது.

அதைக் கொண்டுவந்தவர் மாதா கோயில் பள்ளிக்கூடத்து டீச்சரம்மா. கோயில் பெண்கள் சங்கத்து உண்டியலின் சாவியும் அவரிடம்தான் இருந்தது. பருப்பும் எண்ணெயும் வாங்கிக்கொண்டு ஒரு வெள்ளி ரூபாயை நீட்டினார். முன்பக்கம் ராஜா தலை. திருப்பினால், எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் மறுபடியும் ராஜா தலை; அதுவும் பள்ளமாக, எதிர்த் திசையைப் பார்த்துக்கொண்டு.

கல்லில் தட்டினேன். கணீரென்றது. தராசில் இன்னொரு ரூபாய்க்கு எதிரே வைத்தேன். முள் அசையவில்லை. காது நல்லது என்றது, தராசும் நல்லது என்றது, கண் மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. எனக்குத் தலை சுற்றியது. பின்னால் ஐந்தாறு பேர் வேறு காத்திருந்தார்கள். எனக்குக் குழப்பம் வந்தால் கூடவே கோபமும் வந்துவிடும், பிறவிக் குணம்.

"என்னம்மா இது, பார்த்தாலே கள்ளக் காசு மாதிரிதானே இருக்கு?" என்று கத்திவிட்டேன்.

"இல்லீங்கண்ணா, சம்பளத்துல வந்தது. வேற ரூபா தர்றேன், அத இப்படிக் குடுத்துடுங்க."

அவர் கையை நீட்டுவதற்குள் நான் சுத்தியலை எடுத்திருந்தேன். வேறு ரூபாயை வைத்துவிட்டுப் போனவர் அதற்குப் பிறகு என் கடைப் பக்கமே வரவில்லை. பேச்சு பஜாரிலிருந்து கோயிலுக்குப் போயிற்று. ஒரு மாதத்தில் சங்கத்தார் அவரிடமிருந்து சாவியை வாங்கிக்கொண்டார்கள். கேள்விப்பட்டபோது சுருக்கென்றது. ஆனாலும் பலகையைப் பார்த்துச் சமாதானம் செய்துகொண்டேன்.

இரண்டு வருஷம் கழித்துத் தந்தி ஆபீஸ் குமாஸ்தா ஒருவர் சோப்பு வாங்க வந்தார். பழைய காசு சேர்ப்பதில் பைத்தியம் பிடித்தவர். பலகைமேல் குனிந்தவர் தலையில் அடித்துக்கொண்டார்.

"அய்யய்யோ, இதுல போயி ஆணி அடிச்சது யாரு சாமி?"

"கள்ளக் காசுங்க."

"யாரு சொன்னா? இது காசு அடிக்கிற டங்கசாலைலயே நடந்த தப்பு. மொதல்ல அடிச்ச காசு அச்சுலயே ஒட்டிக்கிச்சு. அடுத்த வெள்ளி வில்லை அது மேல விழுந்து அமுங்குச்சு. அதான் ராஜா காசோட முதுகுலயும் பள்ளமா பதிஞ்சிட்டாரு. இந்த மாதிரிக் காசுக்கு நானே அம்பது ரூபா குடுப்பேன். ஓட்டை விழுந்தப்புறம் யாரு தொடுவா?"

பிறகு என் கல்லாவிலிருந்து பளிச்சென்று இருந்த ரூபாய் ஒன்றை எடுத்து விளிம்பைக் காட்டினார். கோடுகள் அரத்தால் கீறியதுபோல் கோணலாக இருந்தன.

"கள்ளம் இதுதான். தட்டிப் பாருங்க."

தட்டினேன். மண் ஓடு மாதிரி சத்தம் வந்தது. முகம் சரியாக இருந்ததால் அதுவரை அதை நான் தட்டிப் பார்க்கவே இல்லை. தப்பாக இருப்பது நிஜமாம், சரியாக இருப்பது பொய்யாம். எனக்குக் கிறுக்குப் பிடிக்காத குறை. இதுபோல் எத்தனை காசுகளை நானே சில்லறையோடு சேர்த்துக் கொடுத்தேனோ! என் பெயர் கெடவில்லை. அவர் பெயரைக் கெடுத்தாயிற்று.

ஆணியைப் பிடுங்கி, காசை எடுத்துக்கொண்டு டீச்சரம்மா வீட்டுக்கு ஓடினேன். வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் கேட்டார்.

"இத எங்கிட்ட எதுக்குண்ணா சொல்றீங்க? எனக்குத்தான் அன்னைக்கே தெரியுமே. சங்கத்துல வந்து சொல்லுங்க."

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கோயில் வாசலில் சங்கத்தாரிடம் காசை நீட்டினேன். அச்சு, வில்லை, ஒட்டிக்கொண்டது எல்லாவற்றையும் உளறிக் கொட்டினேன். எனக்கே சரியாகப் புரியாததை மற்றவர்களுக்கு எப்படிப் புரியவைப்பது? தலைவியம்மா காசை இரண்டு தரம் திருப்பினார். ஓட்டை வழியாக என்னைப் பார்த்தார்.

"என்ன கடைக்காரரே, பார்த்தாலே கள்ளக் காசு மாதிரிதானே இருக்கு?" என்றார்.

டீச்சரம்மா அவரிடமிருந்து காசை வாங்கித் தன் முந்தானையில் முடிந்துகொண்டு என்னைப் பார்த்தார்.

"இப்பத் தெரியுதுங்களாண்ணா?" என்றார்.

தெரிந்தது. சாவி மட்டும் அவர் கைக்குத் திரும்பி வரவே இல்லை.