சீட்டில் போட்ட வட்டம்

ஆஸ்பத்திரிச் சீட்டில் வலிகளை வரிசையாக அச்சடித்திருந்தார்கள். எது உங்கள் வலியோ அதற்கு வட்டம் போட வேண்டும். ஊசி குத்துவதுபோல் இருந்தால் 'சிக்கு சிக்கு'. நாடியோடு சேர்ந்து தெறித்தால் 'ஸுகி ஸுகி'. உள்ளே கைவிட்டு இறுக்கிப் பிழிவதுபோல் இருந்தால் 'கியுட்டோ'. ஜப்பானின் தன்கோ கடற்கரையில் பேச்சு வந்த குழந்தைகூட இந்த மூன்றையும் சொல்லிவிடும்.

பள்ளிக்கூட பஸ் ஓட்டும் தமோட்சுவுக்கு ஐம்பத்தெட்டு வயது. பேனாவைப் பிடித்தபடி அந்த மூன்றாவது சொல்லையே பார்த்துக்கொண்டிருந்தார். போன வருஷம் உடன் ஓட்டிய ஹமனோ அந்தச் சொல்லைத்தான் டாக்டரிடம் சொன்னான். மறுநாளே பஸ்ஸை விட்டு இறக்கிவிட்டார்கள். இப்போது சந்தையில் மீன்பெட்டி கழுவுகிறான். ஸ்டியரிங்கைத் தவிர வேறொன்றும் தெரியாத மனுஷன் தமோட்சு. சாவதைவிட பஸ் கையைவிட்டுப் போவதுதான் அவருக்குப் பயம். சாவும் பயமாகத்தான் இருந்தது.

"என்னங்க, வட்டம் போட நல்ல நேரம் பாக்கறீங்களா?" என்றாள் பக்கத்திலிருந்த மனைவி மிட்சுயோ.

அவர் சட்டென்று 'சிக்கு சிக்கு'வைச் சுற்றி வட்டம் போட்டார்.

டாக்டர் உகாய் சின்ன வயதுப் பெண். சீட்டைப் படித்துவிட்டு, எங்கே வலிக்கிறது என்று காட்டச் சொன்னார். தமோட்சு நெஞ்சைக் காட்டினார். ரொம்ப லேசான வலிதான், இதற்குப் போய்த் தொந்தரவு கொடுத்துவிட்டேன், மன்னிக்கணும் என்று இரண்டு முறை குனிந்தார். டாக்டர் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

"சிக்கு சிக்குன்னு வர்றவங்க ஒத்த விரலால தொட்டுக் காட்டுவாங்க ஐயா. நீங்க முஷ்டிய நெஞ்சுல அழுத்தி வச்சிருக்கீங்க."

தமோட்சு குனிந்து பார்த்தார். கை அவரைக் கேட்காமலே இறுகிக் கிடந்தது. விரல்களை விரிக்கப் பார்த்தார், முடியவில்லை.

கடைசியாக எப்போது வந்தது என்று டாக்டர் கேட்டார்.

பொய் சொல்லத்தான் வாயைத் திறந்தார். ஆனால் இன்று காலை பாறை வளைவில் கண் இருட்டியதும், பஸ் நடுக்கோட்டைத் தாண்டிப் போனதும், கீழே கடல் தெரிந்ததும் முன்னால் வந்து நின்றன. பின்னால் பத்தொன்பது பிள்ளைகள் கத்திக்கொண்டிருந்தார்கள், விளையாட்டில். ஒருத்தருக்கும் தெரியாது. மிட்சுயோவிடம்கூட அவர் சொல்லவில்லை.

"கியுட்டோ," என்றார். "காலையில, டாக்டர். புள்ளைங்க பஸ்ல இருந்தாங்க."

மிட்சுயோவின் முகம் வெளிறிப்போனது. டாக்டர் தமோட்சுவை எழுந்திருக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனை எடுத்தார்.

தமோட்சு மனைவியின் சட்டைக் கையைப் பிடித்தார்.

"ஸ்கூலுக்குப் போன் போடு. மூணு மணி டிரிப்புக்கு வேற ஆள அனுப்பச் சொல்லு. இனிமே எனக்குப் பஸ்ஸத் தர வேணாம்னு நானே சொன்னேன்னு சொல்லு."