மடித்து எடுத்த நத்தைகள்

துணி அச்சடிக்கும் அந்த ஆலையில் அவளைச் சீச்சீ அக்கா என்றுதான் சொல்வார்கள். முகத்துக்கு நேரே அல்ல, அவள் அந்தப் பக்கம் திரும்பிய பிறகு. படுக்கை விரிப்புகளுக்குப் பூ வரைந்து கொடுப்பது அவள் வேலை. காலையில் வரைபட அறைக்குள் நுழைந்ததும் முதல் சீ, நேற்றைய டீ காய்ந்து ஒட்டிக்கிடக்கும் கோப்பைக்கு. அடுத்தது, எவனோ எண்ணெய்க் கையோடு தொட்டுவிட்டுப் போன டிரேசிங் தாளுக்கு. அதற்கடுத்தது மேனேஜருக்கு. அந்த மனுஷன் பென்சிலால் காது குடைவார். அதே பென்சிலால் அவள் வரைந்ததன்மேல் கோடும் போடுவார். குமட்டாமல் என்ன செய்யும்?

ஆனால் அவளுக்கு உண்மையிலேயே வயிற்றைப் புரட்டியது கோப்பையும் இல்லை, காதும் இல்லை. அந்த ஆலையின் ரோஜா. எட்டு இதழ், எட்டும் ஒரே அளவு, பிஸ்கட் அச்சில் வெட்டி எடுத்தது போல. எந்தச் செடியில் இப்படிப் பூக்கிறது? நிஜ ரோஜாவில் ஓர் இதழுக்கு நேர்மேலே இன்னோர் இதழ் உட்காராது, ஒரு கணக்கோடு விலகி விலகித்தான் உட்காரும். அவள் நிஜப் பூவையே பிய்த்து மேஜையில் பரப்பிக் காட்டியிருக்கிறாள். மேனேஜர் ஓர் இதழை எடுத்து மோந்து பார்த்துவிட்டு, "எட்டுன்னா மடிக்கச் சுலபம் மேடம்" என்றார்.

மடிப்பதுதான் அந்தத் தொழிலின் வழக்கம். விரிப்பின் முழு அகலத்துக்கும் யாரும் வரைவதில்லை. பாதி வரைவார்கள். தாளை நடுவில் மடித்து, கோடுகளை மறுபாதியில் பதிய வைப்பார்கள். பிரித்தால் முழு அகலமும் தயார், வேலையும் பாதி. மூலையில் கிளியை வைத்தால் மறு மூலையில் இன்னொரு கிளி அதை முறைத்துக்கொண்டு நிற்கும். அவளும் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து மடித்தவள்தான். அரசமர இலையை வரைந்தாள், நரம்பைக் குறைத்தார்கள். அலையை வரைந்தாள், அதன்மேல் ரோஜாவை மிதக்கவிட்டார்கள். அவள் வரைந்தது அப்படியே துணியில் ஏறியதாகச் சரித்திரமே இல்லை.

மகள் வளர்ந்து வேலைக்கும் போய்விட்டாள். கடையில் விரிப்பு வாங்கும்போதெல்லாம் தொலைபேசியில் கேட்பாள். "ஏம்மா, இது எங்கம்மா போட்டதுன்னு காட்ட ஒண்ணாவது இருக்கா?"

"இருக்குடி. எல்லாத்துலயும் என் கோடு கொஞ்சம் இருக்கு, கண்டவன் கோடு நிறைய இருக்கு" என்பாள் இவள். சிரித்துவிட்டுப் போனை வைப்பாள். வைத்த பிறகு சிரிப்பு வராது.

ஒரு மழைக்காலத்தில் சாயப் பட்டறையின் பின்பக்கச் சாக்கடையிலிருந்து நத்தைகள் கிளம்பின. கழிவறைச் சுவரில் நத்தை, வாளியின் விளிம்பில் நத்தை, போன இடமெல்லாம் பளபளவென்று எச்சில் கோடு. யாரோ உப்பை வாரி இறைத்தார்கள். அவை நுரை தள்ளிச் சுருண்டதைப் பார்த்து அவளுக்கு மதியச் சாப்பாடே இறங்கவில்லை. சாயங்காலம் செருப்படியில் ஏதோ நறநறத்தது. காலி ஓடு. முகத்தைச் சுளித்துக்கொண்டு காகிதத்தால் பிடுங்கி எறியப் போனவள் எறியவில்லை.

விளக்கடியில் வைத்துப் பார்த்தாள். பிறகு கவராயத்தை எடுத்துச் சுற்றுகளை அளந்தாள். உள் சுற்றைப்போல அடுத்த சுற்று எத்தனை மடங்கு அகலமோ, அதற்கடுத்ததும் அதைப்போல அதே மடங்கு. மறுநாள் மூக்கைப் பொத்திக்கொண்டு சாக்கடையோரம் இன்னும் சில ஓடுகளைப் பொறுக்கினாள். குட்டி ஓடும் அதே கணக்கு, கிழட்டு ஓடும் அதே கணக்கு. உடம்பு பெருக்கப் பெருக்க வீடும் பெருக்கிறது, உருவம் மட்டும் மாறுவதே இல்லை. எல்லாமே ஒரே பக்கமாக, வலப்பக்கமாகச் சுருண்டிருந்தன. சாக்கடையில் ஊரும் இந்தச் சளிப் பிண்டத்துக்கு இப்படியொரு வீடு கட்ட எவன் சொல்லிக்கொடுத்தான் என்று அவளுக்குக் கோபமே வந்தது. அவ்வளவு சந்தோஷம்.

அதை வரைந்தாள். சின்னதும் பெரியதுமாக ஓடுகள், ஒன்றின் வளைவுக்குள் மற்றொன்று அடங்கும்படி. பாதித் தாளுக்கு வண்ணம் தீட்டி மேனேஜர் முன்னால் வைத்தாள்.

"நத்தை மேல யார் மேடம் படுப்பாங்க?"

"எட்டு இதழ் ரோஜா மேல படுக்கறவங்க இதுலயும் படுப்பாங்க சார்."

துணி வாங்குகிறவர் அன்று ஆலைக்கு வந்திருந்தார். ரோஜாவையும் பார்த்தார், நத்தையையும் பார்த்தார். இரண்டில் எது வந்தாலும் சரி, தேதி தவறக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார். மேனேஜர் இறங்கி வந்தார்.

"சரி, நத்தையவே போடலாம். உங்களுக்குத் திருப்திதானே?"

"ஒரு கோடு கூட யாரும் மாத்தக் கூடாது. நீங்களும்தான் சார்."

"மாத்தல."

"பென்சிலைக் கீழ வெச்சிட்டுச் சொல்லுங்க."

அவர் பென்சிலைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார். அன்றே அவள் மகளுக்குப் போன் போட்டாள். அடுத்த மாதம் கடைக்குப் போ, தாராளமாகக் காட்டு என்றாள்.

அச்சு ஓடிய அன்று முதல் ஆளாகப் போய் மெஷின் பக்கத்தில் நின்றாள். துணி ஈரமாக, நீலமாக வழிந்து வந்தது. தன் ஓடுகளோடு கூடவே அவளும் இரண்டடி நடந்தாள். மெஷின்காரர்கூட எட்டிப் பார்த்து, "அக்கா, ஜோடி ஜோடியா மூஞ்சியப் பாத்துக்கிட்டுப் போகுதுங்க, ரொம்ப நல்லா இருக்கு" என்றார்.

மூஞ்சியைப் பார்த்துக்கொண்டா?

அவள் குனிந்தாள். வலப்பாதி ஓடுகள் வலப்பக்கம் சுருண்டிருந்தன. இடப்பாதி ஓடுகள் இடப்பக்கம். அந்தச் சாக்கடையில் ஒரு நத்தைகூட அப்படிச் சுருண்டதில்லை. யாரும் மாற்றவில்லை. அவள்தான் பாதி வரைந்து, பழக்க தோஷத்தில் தாளை மடித்திருக்கிறாள். மறுபாதியைப் பிரித்தபோது நடு மடிப்பில் கோடுகள் ஒட்டுகின்றனவா என்று மட்டும் பார்த்திருக்கிறாள். இத்தனை காலமும் ஊரில் உள்ளவன் கையையெல்லாம் பார்த்துக் குமட்டியவளுக்கு இப்போது தன் கையைப் பார்க்கவே சகிக்கவில்லை. சிவப்புப் பொத்தானை அழுத்தினாள். மெஷின் நின்றது.

மேனேஜர் ஓடி வந்தார். அவள் சொன்னதைக் கேட்டார், துணியைப் பார்த்தார், மறுபடி அவளைப் பார்த்தார்.

"இது யாருக்கு மேடம் தெரியப் போகுது?"

"மாத்திடலாம் சார். இடப்பக்கத்தை நான் திரும்ப வரைஞ்சு தரேன்."

"ஒரு கோடு கூட மாத்தக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க. நான் மாத்தலையே." அவர் குத்தலாகச் சொல்லவில்லை. நிஜமாகவே அவருக்குப் புரியவில்லை. "அச்சுக்குப் புது ஸ்கிரீன் போட நேரம் இல்ல. ஒண்ணு இது ஓடணும், இல்ல ரோஜா ஓடணும். நீங்களே சொல்லுங்க."

மெஷின்காரர் துணியைத் தடவிக்கொண்டே நின்றார். "ஓடட்டுமேக்கா" என்றார்.

அவளுக்கு மகளின் குரல் காதில் கேட்டது. எட்டு இதழும் ஒரே அளவாக அவள் கண் முன்னால் வந்து நின்றன. அந்தப் பொய்யாவது கண்டவன் கோடு, இது முழுக்க அவள் கோடு.

"ரோஜாவையே ஓட்டுங்க சார்" என்றாள்.

அச்சாகியிருந்த சில மீட்டரைச் சுருட்டி அவள் கையிலேயே கொடுத்துவிட்டார்கள். தரை துடைக்க ஆகும் என்று வீட்டுக்குக் கொண்டுபோய் வாளிக்குப் பக்கத்தில் போட்டாள். ஞாயிற்றுக்கிழமை மகள் வந்தாள். நடந்ததைக் கேட்டுவிட்டுத் துணியைத் தரையில் விரித்தாள்.

"எந்தப் பாதிம்மா சரி?"

"இது."

மகள் கத்தரிக்கோலை எடுத்து நடுவே நீளமாக வெட்டினாள். இடப்பாதியை வாளிக்குள் போட்டாள். வலப்பாதியைக் குறுக்கே இரண்டு துண்டாக்கிப் பக்கம் பக்கமாக வைத்துத் தையல் மெஷினில் ஓட்டினாள். தடித்துணி. தையல் கயிறு போல எழும்பி நின்றது. நடுவில் வளைவுகள் ஒன்றோடொன்று சேரவில்லை. ஆனால் ஓடுகள் அத்தனையும் ஒரே பக்கமாகச் சுருண்டிருந்தன.

"கடையில கிடைக்காது. இதையே என் கட்டில்ல போட்டு எல்லாருக்கும் காட்டறேன்."

"நடுவுல பாரு, எவ்வளவு அசிங்கமா இருக்கு."

"படுத்துப் பாரும்மா."

மகள் அதைக் கட்டிலில் விரித்ததும் அவள் முகத்தைச் சுளித்துக்கொண்டே படுத்தாள். தையல் சரியாக முதுகுத்தண்டில் உறுத்தியது. நகர்ந்து படுக்க இரண்டு பக்கமும் இடம் இருந்தது. அவள் நகரவில்லை.