தடுப்புக்கு அந்தப் பக்கத்துக் கிளைகள்

அன்று காலை அந்த வீட்டின் பின்புறத்தில் ஆறு பேர் இருந்தோம். நானும் என் நண்பர்கள் நால்வரும், மாமரம் நிற்கும் வீட்டுக்கார அக்காவும். இருந்திருக்க வேண்டிய ஒருவர் மட்டும் இல்லை. அவர் தகரத் தடுப்புக்கு அந்தப் பக்கம் குடியிருந்த அக்கா. பெங்களூரில் மகள் வீட்டுக்குப் போயிருந்தார். மூன்று வருடங்களுக்கு முன்பு, மே மாத ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், கோலார் தங்கவயல் கோரமண்டல் பகுதியில், சுரங்கத் தொழிலாளர்களுக்கென வரிசையாகக் கட்டிய லைன் வீடு ஒன்றின் பின்னால் நடந்தது இது.

நாங்கள் ஐந்து பேரும் தினமும் ஒரே ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போய் வருகிறவர்கள். அந்த வருடம் மா நன்றாகக் காய்த்திருந்தது. எங்கள் பக்கத்து வீடுகளின் பின்புறங்களில் மாவும் கொய்யாவும் கீழே விழுந்து அழுகிக்கொண்டிருந்தன. பிள்ளைகள் வெளியூர் போய்விட்டதால் ஏறிப் பறிக்க ஆளில்லை. அதே லைனில் நாலு வீடு தள்ளி, பென்ஷனில் தனியாகக் காலம் தள்ளும் ஒருவர், ஒரு கிலோ பழம் வாங்க யோசித்துக்கொண்டு நிற்பார். ரயிலில் இதைப் பேசிப் பேசித்தான் எங்களுக்கு அந்த எண்ணம் வந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் நாமே போய்ப் பறித்துக் கொடுப்போம், மூன்றில் ஒரு பங்கு மரத்துக்காரருக்கு, மீதி தேவைப்படுகிறவர்களுக்கு. எங்களுக்கு ஒன்றும் வேண்டாம்.

முதல் இரண்டு வாரம் நன்றாகவே போனது. மூன்றாவது வாரம் பக்கத்துப் பகுதியான ஊரிகத்தில் ஒருவர், நாங்கள் சொன்னதைவிட அதிகமாகப் பறித்துவிட்டதாகச் சத்தம் போட்டார். அன்று இரவே நான் உட்கார்ந்து ஒரு படிவம் தயார் செய்தேன். வீட்டு எண், மரத்துக்காரர் பெயர், என்ன மரம், முழு மரமா பாதி மரமா, கடைசியில் கையெழுத்து. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். என் அப்பா வங்கிக்குப் போனால்கூட யாரையாவது எழுதித் தரச் சொல்லிக் காத்துக்கொண்டு நிற்பார். அதனாலோ என்னவோ, காகிதத்தில் எழுதி வாங்கிவிட்டால் எந்தச் சண்டையும் வராது என்று நான் உறுதியாக நம்பினேன். ஐம்பது பிரதி எடுத்து ஒரு கோப்பில் போட்டு, ஞாயிற்றுக்கிழமை போகும் இடமெல்லாம் கக்கத்தில் வைத்துக்கொண்டு திரிந்தேன்.

"கலெக்டர் வந்துட்டாரு, எழுந்து நில்லுங்க" என்று நண்பர்கள் கிண்டல் செய்வார்கள்.

அந்த அக்காவின் மாமரம் நடந்து போகிறவர்களை நிறுத்திப் பார்க்க வைக்கிற மரம். அடிமரம் இவர் வீட்டில். ஆனால் பாதிக் கிளைகள் தகரத் தடுப்பைத் தாண்டி அடுத்த வீட்டுக்குள் கவிழ்ந்திருக்கும். இரண்டு அக்காக்களும் இருபது வருடமாகப் பக்கத்துப் பக்கத்து வீடு. தடுப்பில் ஒரு தகரத்தின் மூலையை மடக்கிவிட்டு, அந்த இடைவெளி வழியாகத்தான் குழம்புக் கிண்ணம் போகும், வரும். எங்கள் லைன்களில் இப்படி நிற்கும் மரங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. எந்த வீட்டுக்குள் இலை உதிர்கிறதோ, அந்த வீட்டுக்காரர் அதைப் பெருக்கி அள்ள வேண்டும். பெருக்குகிறவருக்கு அந்தப் பக்கத்துப் பழம். அடிமரம் யார் வீட்டில் என்று யாரும் கேட்பதில்லை. இது எந்தப் பத்திரத்திலும் கிடையாது. எனக்கும் தெரியும். எங்கள் வீட்டு முருங்கைக்கும் இதே கணக்குதான்.

அன்று காலை படிவத்தை நீட்டினேன். நேரம் மிச்சமாகட்டும் என்று முந்தைய நாளே எல்லாப் படிவங்களிலும் 'முழு மரம்' என்ற இடத்தில் குறி போட்டு வைத்திருந்தேன்.

"இதுல இன்னாபா எழுதிக்கீது?" என்று கேட்டார் மரத்துக்கார அக்கா.

"ஒண்ணும் இல்லக்கா. நீங்க சம்மதிச்சீங்கன்னு. ஒரு கையெழுத்து போட்டா போதும்."

"நீ படிச்ச புள்ள, சரியாத்தான் எழுதியிருப்ப" என்று சொல்லி, காகிதத்தைச் சுவரில் வைத்து அழுத்தி, ஒவ்வொரு எழுத்தாக வரைந்து கொடுத்தார். நான் வாசித்துக் காட்டவில்லை. அவரும் கேட்கவில்லை. ஒரு கல்யாண மண்டபத்தில் சமையல் வேலைக்குப் போகிற அவசரம் அவருக்கு. பை எடுத்துக்கொண்டு கிளம்பியவர் வாசல்படியில் நின்று திரும்பினார்.

"தம்பி, அந்தாண்ட பக்கம் இருக்கட்டும். அவ வரட்டும்."

அந்த நேரம் மரத்தில் இருந்த நண்பன் கிளையை உலுக்கிக்கொண்டிருந்தான், கீழே விரித்த சாக்கில் பழங்கள் தொப்பென்று விழுந்துகொண்டிருந்தன, இன்னொருவன் ஏதோ பாடிக்கொண்டிருந்தான். சத்தம்தான். ஆனால் அவர் சொன்னது எனக்குக் கேட்டது. தெளிவாகக் கேட்டது. தலையைக்கூட ஆட்டினேன்.

ஒரு மணி நேரத்தில் இந்தப் பக்கம் முடிந்துவிட்டது. மேலே இருந்தவன் கேட்டான்: "ஏய் கலெக்டர், அந்தப் பக்கம் இன்னா பண்றது? நல்லா பழுத்துக் கீதுடா. நாளைக்கு வௌவாலுக்குத்தான்."

அன்று மாலை ஒரு மாணவர் விடுதிக்குப் பழம் தருவதாக நான் வாக்குக் கொடுத்திருந்தேன். அறுபது பிள்ளைகள். கையில் இருந்தது போதாது. கோப்பைத் திறந்து படிவத்தைப் பார்த்தேன். முழு மரம். நான் போட்ட குறிதான், ஆனால் கீழே அவர் கையெழுத்து இருக்கிறதே.

"பறி" என்றேன்.

இரண்டு சாக்கு நிறைந்தது. விடுதிப் பிள்ளைகள் சட்டையெல்லாம் சாறு வழியத் தின்றார்கள். ஒரு பையன் கொட்டையைத் துடைத்துப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டான், ஊருக்குப் போய் நடப் போவதாகச் சொன்னான். அன்று தூங்கப் போகும்போது நான் ரொம்ப சந்தோஷமாக இருந்தேன்.

அந்தப் பக்கத்து அக்கா புதன்கிழமை திரும்பி வந்தார். வியாழன் மாலை நான் ரயிலில் இருந்து இறங்கி வீட்டுக்குப் போகும்போது, எங்கள் வாசலில் நின்றுகொண்டிருந்தார். அம்மா உள்ளே வரச் சொல்லியும் வரவில்லையாம்.

அவர் மகளுக்குக் கல்யாணம் ஆகி நாலு மாதம்தான் ஆகியிருந்தது. சம்பந்தி வீட்டார் முதல் முறையாக அடுத்து வரும் ஞாயிறு இங்கே வருவதாக இருந்தது. பெரிய இடம் இல்லை என்றாலும் இவரைவிடக் கொஞ்சம் வசதி. "எங்க ஊட்டு மரத்துப் பழம், ஒரு கூடை கட்டித் தரேன், கடைப் பழமே வேணாம் சம்பந்தி" என்று அவர்களிடம் வாய் நிறையச் சொல்லிவிட்டு வந்திருக்கிறார். வந்து கதவைத் திறந்தால் கிளையில் ஒன்றுகூட இல்லை.

"நான் கூடை வாங்கித் தரேன்க்கா. நல்ல பழமா..." என்று ஆரம்பித்தேன்.

"கடைக்கு வழி எனக்குத் தெரியும்பா" என்றார். குரலை உயர்த்தவில்லை. "நான் பழத்துக்கு வரல. அவளக் கேட்டேன். 'அந்தப் பக்கம் தொடாதீங்கன்னு நான் சொல்லிட்டுத்தான் போனேன்'னு சொல்றா. சொன்னாளா, சொல்லலியா? அத்த மட்டும் சொல்லு. நான் போய்க்கினே இருப்பேன்."

ஒரே ஒரு வார்த்தைதான் அவருக்கு வேண்டியிருந்தது. 'சொன்னாங்க' என்று நான் சொல்லியிருந்தால், கோபம் என் மேல் திரும்பியிருக்கும். இரண்டு நாள் திட்டியிருப்பார்கள். அடுத்த ஞாயிறு மூன்று வீடுகளில் எங்களுக்கு அழைப்பு இருந்தது. திருட்டுப் பசங்க என்று பேச்சு பரவினால் ஒருவரும் கதவைத் திறக்க மாட்டார்கள். இவ்வளவும் அந்த ஒரு நிமிடத்தில் என் தலைக்குள் ஓடியது. அதைவிட, அம்மா கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

உள்ளே போய்க் கோப்பை எடுத்து வந்தேன்.

"முழு மரமும் பறிக்கலாம்னு எழுதி, கையெழுத்து போட்டுக் கொடுத்திருக்காங்கக்கா. பாருங்க."

அவருக்கும் படிக்கத் தெரியாது. ஆனால் காகிதத்தை வாங்கி, கையெழுத்தின் மேல் விரலை வைத்து ரொம்ப நேரம் பார்த்தார்.

"இது அவ கையெழுத்துதான். மகளிர் குழுவுல ரெண்டு பேரும் ஒண்ணாதான் கத்துக்கினோம். கடைசி எழுத்துக்குச் சுழி போட அவளுக்கு வரவே வராது."

காகிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார். நான் பொய் சொல்லவில்லை என்று அன்று முழுவதும் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். காகிதத்தில் இருந்ததைத்தானே காட்டினேன்.

அடுத்த நாள் இரண்டு அக்காக்களுக்கும் நடந்த சண்டை லைன் முழுக்கக் கேட்டது. "கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டு இல்லன்றியே" என்று ஒருவர். "நான் இன்னாத்துக்குப் பொய் சொல்லணும்? இருபது வருஷத்துல உன் பழம் ஒண்ணு தொட்டிருப்பேனா?" என்று மற்றவர். அதற்குப் பிறகு பேச்சே நின்றுவிட்டது. மடக்கியிருந்த தகரத்தின் மூலையை யாரோ நிமிர்த்தி ஆணி அடித்துவிட்டார்கள். எந்தப் பக்கமிருந்து அடித்தார்கள் என்று தெரியவில்லை.

எங்கள் ஞாயிற்றுக்கிழமைகள் அந்த வருடம் முழுக்கத் தொடர்ந்தன. படிவத்தை மட்டும் நான் விட்டுவிட்டேன். காரணம் கேட்ட நண்பர்களிடம், ஜெராக்ஸ் செலவு என்றேன்.

அந்தப் பக்கத்து அக்கா இலை பெருக்குவதை நிறுத்திவிட்டார். பழம் இல்லாதவருக்கு இலை எதற்கு. உதிர்ந்த இலையெல்லாம் சாக்கடையில் சேர்ந்து, ஐப்பசி மழையில் தண்ணீர் போக வழியில்லாமல் எதிர்த்து அவர் வீட்டுக்குள்ளேயே ஏறியது. அரிசி டின் வரைக்கும் நனைந்துவிட்டது. தன் பக்கத்துக் கிளைகளை வெட்டியே ஆக வேண்டும் என்று ஆள் மூலம் சொல்லி அனுப்பினார். வெட்ட வந்தவர் மரத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, ஒரு பக்கத்தை மட்டும் எடுத்தால் பாரம் இந்தப் பக்கம் சாய்ந்து என்றைக்காவது கூரை மேல் விழும் என்றார். "அப்போ முழுசா எடுத்துடு" என்றாராம் மரத்துக்கார அக்கா.

தை மாதத்தில், புதுப் பூ வைத்திருந்த நேரத்தில் வெட்டினார்கள். விஷயம் கேள்விப்பட்டு நான் விடுப்புப் போட்டுவிட்டுப் போனேன். உண்மையைச் சொல்லியாவது நிறுத்தலாம் என்றுதான். நான் போவதற்குள் கிளைகளெல்லாம் கீழே கிடந்தன. அடிமரத்தில் ரம்பம் ஓடிக்கொண்டிருந்தது. மரத்துக்கார அக்கா படியில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் நகர்ந்து இடம் விட்டார்.

என் பக்கம் திரும்பாமலே கேட்டார்: "தம்பி, அன்னிக்கு நான் படியில நின்னு சொன்னேனே, அது உனக்குக் கேக்கலியா?"

நான் வந்ததே அதைச் சொல்லத்தான். தடுப்புக்கு அந்தப் பக்கம் வளையல் சத்தம் கேட்டது. அந்த அக்காவும் அங்கேதான் நின்றுகொண்டிருந்தார். இருவருக்கும் ஒரே நேரத்தில் கேட்கும்படி சொல்லியிருக்கலாம். அதைவிட நல்ல இடம், நல்ல நேரம் எனக்கு இனி அமையாது.

"சத்தத்துல கேக்கலக்கா" என்றேன்.

"அதான் நானும் நினச்சேன்" என்றார். "நீ இன்னா பண்ணுவ."

இப்போது அந்த இரண்டு வீட்டின் பின்புறத்திலும் வெயில் சுள்ளென்று விழுகிறது. அந்தப் பக்கத்து அக்கா போன வருடம் வீட்டைப் பூட்டிக்கொண்டு மகளோடு போய்விட்டார். நாங்கள் இன்னும் பழம் பறிக்கப் போகிறோம், ஆட்கள்கூடக் கூடியிருக்கிறார்கள். யாராவது படியில் நின்று ஏதாவது சொன்னால், மரத்தில் இருப்பவனை இறங்கச் சொல்லிவிட்டு நான் அருகில் போய், இன்னொரு முறை சொல்லச் சொல்லிக் கேட்கிறேன். அதனால் அந்த இரண்டு பேருக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை. மரம் விழுந்த அன்று, மரம் வெட்டியவர் கட்டையை எடுத்துக்கொண்டது போக, கூலி மூவாயிரம் ரூபாய் என்றார். இருபது வருடம் கிண்ணம் மாற்றிக்கொண்ட அந்த இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல், தடுப்பின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக நின்று, என் வாயில் வராத ஒரு வார்த்தைக்காக எண்ணிக் கொடுத்தது ஆளுக்கு ஆயிரத்து ஐந்நூறு.