சரசக்காவின் ஒன்பது விநாடி

எங்கள் புளோக்கின் ஐந்தாவது மாடியில் லிஃப்ட் கதவு திறந்ததும் முதலில் வருவது சரசக்காவின் குரல். வீடு அதற்குப் பிறகுதான். செம்பவாங்கில் பதினாறு வருடமாக அவருக்கு அடுத்த வீட்டில் இருக்கிறேன். நான் அதிகம் பேசுகிறவள் இல்லை. உயர்நிலை இரண்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு ரவிக்கை தைக்க உட்கார்ந்தவள். தையல் மெஷின் ஜன்னலோரம் இருப்பதால் நடைபாதையில் போகிறவர், வருகிறவர் எல்லாரையும் பார்த்துக்கொண்டிருப்பேன். மற்றவர்களைவிட அதிகமாகப் பார்த்தது சரசக்காவைத்தான்.

அவருக்கு அறுபது வயது. குள்ளம். நடந்தால் வளையல் சத்தம் முன்னால் போகும். விடிவதற்கு முன்பே ஒரு பள்ளிக்கூட கேண்டீனுக்குக் கிளம்பி, பிள்ளைகளுக்கு மீ கோரேங் என்ற வறுத்த நூடுல்ஸ் போட்டுக் கொடுப்பார். காய் வேண்டாம் என்று சொல்லும் பிள்ளைக்கு "சரிடா கண்ணு" என்பார். காயை மீக்கு அடியில் ஒளித்துவைத்துக் கொடுப்பார். அவர் மீது ஒரு புகாரும் வந்ததில்லை, தட்டுகள் மட்டும் காலியாகத் திரும்பி வரும்.

இந்த உலகத்தில் அவருடைய சமையலைப் பாராட்டாத ஒரே ஆள் அவருடைய வீட்டுக்காரர் முத்துராமன் அண்ணன். கப்பல் டாக்யார்டில் முப்பத்து நான்கு வருடம் கிரேன் சிக்னல்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். கீழே நின்று கையை அசைத்தால், மேலே கிரேனில் இருக்கிறவர் அதைப் பார்த்து இரும்பைத் தூக்குவார், இறக்குவார். அங்கே வாய்க்கு வேலை இல்லை. வீட்டிலும் அப்படித்தான். சாப்பிடுவார், தட்டைக் கழுவி வைப்பார், "ம்" என்பார். உப்பு குறைந்தால் மட்டும் முழு வாக்கியம் வரும்.

ஆனால் ஒரே ஒரு முறை அவர் வேறு மாதிரி பேசியிருக்கிறார். பன்னிரண்டு வருடத்துக்கு முன்பு தொலைக்காட்சியில் ஒரு தீபாவளிச் சமையல் போட்டி நடந்தது. சரசக்கா, மேல்மாடி மலாய்க்காரப் பெண் தந்த புளிப்பான பெலிம்பிங் காயைப் போட்டு மீன் குழம்பு வைத்து மூன்றாம் பரிசு வாங்கினார். நிகழ்ச்சியை நடத்திய பெண், கூட்டத்தில் உட்கார்ந்திருந்த முத்துராமன் அண்ணனிடம் மைக்கை நீட்டினாள். அண்ணன் எழுந்து, காக்கிச் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு சொன்னார்:

"என் வீட்டுக்காரி மீன் குழம்பு வச்சா நான் ஓவர்டைம் போக மாட்டேன்."

அவ்வளவுதான். எழுந்து நின்றதிலிருந்து உட்காரும்வரை ஒன்பது விநாடி. ஓவர்டைம் என்றால் காய்ச்சலோடுகூடப் போகிற மனிதர் அவர். சபையே சிரித்துக் கை தட்டியது.

அந்த நிகழ்ச்சி அவர்கள் வீட்டு கேபிள் பாக்ஸில் பதிவாகி இருந்தது. அண்ணன் "உப்பு கம்மி" என்று வாயைத் திறக்கும் நாளெல்லாம் சரசக்கா ரிமோட்டை எடுப்பார். ஒன்பது விநாடி ஓடும். அண்ணன் தட்டைப் பார்த்தபடி சாப்பிடுவார். வழக்கு முடிந்துவிடும்.

பாக்ஸுக்கும் வயதாகிவிட்டது. பொத்தானை அமுக்கினால் அது யோசிக்கும். அண்ணனுக்குப் பொறுமை இருக்காது. "ஏய், செத்துட்டியா?" என்று நான்கு தடவை சேர்த்து அமுக்குவார். பிறகு தேநீர் கலக்கப் போவார். அவர் திரும்பி வருவதற்குள் பாக்ஸ் நான்கையும் ஒன்றன்பின் ஒன்றாகச் செய்து முடித்து, செய்தி வரவேண்டிய இடத்தில் கொரியக்காரர் யாரோ அழுதுகொண்டிருப்பார்.

"தூக்கிப் போட்டுட்டு புதுசு வாங்குவோம்" என்பார் அண்ணன்.

"பாக்ஸத் தூக்கிப் போடணும்னா மொதல்ல உங்க வாயில இருந்து அந்த வார்த்தைய இன்னொரு தடவ சொல்லுங்க. அப்புறம் போடலாம்."

பூன் லேயில் இருக்கும் அவர்களுடைய மகள் யாமினி, அந்த ஒன்பது விநாடியைப் போனில் எடுத்துத் தருகிறேன் என்று எத்தனையோ முறை சொல்லியிருக்கிறாள். சரசக்கா சம்மதித்ததில்லை. "போன்ல உங்கப்பா மூஞ்சி வெண்டைக்கா விதை அளவுலதான் தெரியும். டிவியில பெருசாப் பார்த்தாதான்டி பொய் சொல்லலன்னு தெரியும்."

போன மாதம் கேபிள் நிறுவனத்திலிருந்து கடிதம் வந்தது. பழைய பாக்ஸ்கள் இனி வேலை செய்யாது, சனிக்கிழமை காலை ஆள் வந்து புதியதை வைத்துவிட்டுப் பழையதை எடுத்துப் போவார். உள்ளே இருக்கும் பதிவுகளும் அதோடு போய்விடும். சரசக்கா கடிதத்தை இரண்டு தடவை என்னைப் படிக்கச் சொன்னார். "சரி, வெண்டைக்கா விதையாவது மிஞ்சட்டும். வெள்ளிக்கிழமை போன்ல எடுத்துருவோம்" என்றார்.

திங்கட்கிழமை ரிமோட் போய்விட்டது.

தொலைக்காட்சிக்கு முன்னால் மேசையில் நாளிதழை விரித்து மீன் ஆய்வது அவர் பழக்கம். அன்றும் ஆய்ந்தார். செதிலையும் குடலையும் அப்படியே சுருட்டி, கீழ்த்தளம் வரை இறங்கும் குப்பைக் குழாயில் போட்டார். மேசையில் கிடந்த ரிமோட்டும் அந்தச் சுருட்டலுக்குள் இருந்தது தெரிந்தபோது குப்பை வண்டி வந்து போய்விட்டது.

"அஞ்சாவது மாடியில இருந்து குதிச்சிருக்கு பாவம்" என்றார் அண்ணன். "உன் கையால சாப்பிட வேணாம்னு முடிவு பண்ணிருக்கும்."

வழக்கமாக இந்த மாதிரி பேச்சுக்கு சரசக்கா பத்து பதில் வைத்திருப்பார். அன்று செருப்பைக்கூட மாட்டாமல் வெளியே வந்தார். என் வீட்டு வாசலில் வந்து நின்றார். "தங்கச்சி, நீ ரவிக்கைக்கு ஹூக் வாங்கப் போவியே, அந்தப் பக்கம் ரிமோட் கடை இருக்குன்னியே" என்றார். அவர் வளையல்கூடச் சத்தம் போடவில்லை. ரிமோட் போனது அவருக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

மறுநாள் ரயில் ஏறி ஃபேரர் பார்க் போனோம். அங்கே ஒரு கட்டடத்தின் கீழ்த்தளத்தில் ருக்ஸானாவின் கடை. கடை என்றால் ஒரு மேசை. போன் உறை, சார்ஜர், வரிசையாகத் தொங்கும் ரிமோட்டுகள். முன்பு ஜூரோங் தொழிற்சாலையில் மின்பலகைகளைச் சோதிக்கும் வேலை பார்த்தவர். பாக்ஸின் படத்தைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"இதுக்கு ஒரிஜினல் ரிமோட் வர்றது நின்னு போச்சுக்கா. யூனிவர்சல்தான். ஒவ்வொரு பாக்ஸுக்கும் ஒரு கோட் இருக்கு. தாள்ல இருக்கிற கோட் சேரலன்னா, ரிமோட்டே தேடும். பாக்ஸப் பார்த்துப் பிடிச்சு பவர் பட்டன அமுக்கிட்டே இருங்க. ஒவ்வொரு அமுக்குக்கும் ஒரு கோட் போகும். பாக்ஸ் எப்ப அணையுதோ, அப்ப ஓகே பட்டன். அந்தக் கோட் பதிஞ்சிரும். ஈஸி லா!"

ஈஸி இல்லை. தாளில் இருந்த கோட் எதுவும் சேரவில்லை. நானும் சரசக்காவும் மாறி மாறி அமுக்கினோம். திடீரென்று பாக்ஸின் பச்சை விளக்கு அணைந்தது. "அணைஞ்சிருச்சு!" என்று சரசக்கா கத்தி, ஓகேயை அமுக்கினார். பிறகு எந்தப் பொத்தானை அமுக்கினாலும் பாக்ஸ் அசையவில்லை. முன்னால் இருக்கும் ஒரே பொத்தானைத் தட்டி, மறுபடி உயிர் கொடுத்து, மறுபடி தேடினோம். அணைந்தது, பதிந்தது, வேலை செய்யவில்லை. புதன்கிழமை முழுக்க இதுவே. வியாழக்கிழமை ருக்ஸானாவுக்குப் போன் செய்தபோது அவருக்கு ரோஷம் வந்துவிட்டது.

"என் ரிமோட்டா வேலை செய்யல? நாளைக்கு மத்தியானம் கடைய மூடிட்டு நானே வர்றேன்."

வெள்ளிக்கிழமை வந்தார். கைப்பையை வைத்ததும் தண்ணீர்கூடக் குடிக்காமல் தொலைக்காட்சிக்கு முன்னால் சம்மணமிட்டு உட்கார்ந்தார். விரல் டக் டக்கென்று ஓடியது. விளக்கு அணைந்தது. ஓகே. ஒன்றுமில்லை. மறுபடி. ஒன்றுமில்லை. மூன்றாவது முறையும் அதே கதைதான்.

"யா அல்லா, இது என்ன பாக்ஸ்! அணையத் தெரியுது, பேச்சைக் கேக்கத் தெரியலயே!"

"அதெல்லாம் கேக்கும்" என்றார் சரசக்கா சோர்ந்து போய். "சொல்லி ரொம்ப நேரம் கழிச்சுக் கேக்கும். எங்க வீட்ல ரெண்டு பேரும் அப்படித்தான்."

அண்ணன் சோபாவில் கச்சாங் கடலை டப்பாவோடு உட்கார்ந்திருந்தார். சிரிக்கவில்லை.

நான் விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன். ருக்ஸானாவின் விரல் மூன்று நான்கு தடவை தாண்டிப் போன பிறகுதான் அது அணைவதாகத் தோன்றியது. என் பழைய மெஷின் நினைவுக்கு வந்தது. பெடலிலிருந்து காலை எடுத்த பிறகும் அது நாலு தையல் ஓடும். நான் நிறுத்திய இடம் வேறு, அது நிற்கும் இடம் வேறு. சொல்லலாமா, சிரிப்பார்களா என்று கொஞ்ச நேரம் யோசித்தேன். சனிக்கிழமை காலைக்கு அதிக நேரம் இல்லை.

"அது... லேட்டா அணையுது போல" என்றேன். "சரியான கோட் முன்னாடியே போயிருக்கும். நம்ம பதியறது அதுக்கு அப்புறம் வந்தது."

யாரும் சிரிக்கவில்லை. ருக்ஸானா ரிமோட்டைப் பார்த்தார், பாக்ஸைப் பார்த்தார். "பதினோரு வருஷம் டெஸ்டிங்ல இருந்தேன்" என்று தன் நெற்றியில் தட்டிக்கொண்டார்.

அண்ணன் டப்பாவைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார்.

"தூக்குன சாமான் ஆடி நிக்கிறதுக்குள்ள ரெண்டாவது சிக்னல் குடுத்தா என்ன ஆகும் தெரியுமா? ரெண்டையும் சேர்த்துச் செஞ்சு, போய் இடிக்கும். டாக்யார்ட்ல மொத நாளே இதத்தான் சொல்லித் தருவாங்க."

"அப்ப நீங்க எதுக்கு தெனமும் நாலு தடவ அமுக்குனீங்க?" என்றார் சரசக்கா.

"அது வீடு, இது வேலை" என்றார் அண்ணன். தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் போய் நின்றார். முதுகு நிமிர்ந்தது. வலது கையைத் தூக்கினார். "ருக்ஸானா, நான் கைய இறக்குனா ஒரு தடவ. ஒரே தடவ. மறுபடி இறக்குற வரைக்கும் விரல் ஆடக் கூடாது."

கை இறங்கியது. ருக்ஸானா அமுக்கினார். "சத்து, டுவா, தீகா..." என்று அண்ணன் பத்து வரை மலாயில் எண்ணினார். டாக்யார்டில் எண்ணியது அப்படித்தானாம். பத்து முடிந்ததும் ஒரு கச்சாங்கை மேசையில் வைத்தார். மறுபடி கை இறங்கியது.

"எண்ணுறீங்களா, தின்றீங்களா?" என்றார் சரசக்கா.

"பேசாதே. தூக்குறப்ப யாரும் பேசக் கூடாது."

அப்படியே போனது. இருபது கச்சாங். முப்பது. வாசலில் போனவர்கள் எட்டிப் பார்த்தார்கள். பெலிம்பிங் தரும் மேல்மாடிப் பெண் என்ன நடக்கிறது என்று கேட்க, சரசக்கா வாயில் விரல் வைத்தார். அந்தப் பெண்ணும் சத்தமில்லாமல் உதட்டை மட்டும் அசைத்து எண்ண ஆரம்பித்தாள். ஐம்பது தாண்டியது. அறுபத்து மூன்றாவது கச்சாங்குக்கு முன்னால், "லீமா" என்று ஐந்து எண்ணும்போது விளக்கு அணைந்தது.

ருக்ஸானா ஓகேயை அமுக்கினார். அண்ணன் கையை இறக்கினார். பவர். பாக்ஸ் யோசித்தது. யோசித்துக்கொண்டே இருந்தது. பிறகு பச்சை விளக்கு எரிந்தது.

ருக்ஸானா போட்ட கூச்சலில் எதிர் புளோக்கில் ஒரு ஜன்னல் திறந்தது. சரசக்கா என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். வளையல் என் முதுகில் அழுத்தியது.

"இன்னும் முடியல" என்றார் அண்ணன். கை மறுபடி மேலே போனது. அவருடைய சிக்னலுக்குத்தான் ருக்ஸானா ஒவ்வொரு பொத்தானாக அமுக்கினார். மெனு. காத்திருந்தோம். பதிவுகள். காத்திருந்தோம். சரசக்கா தன் போனை என் கையில் திணித்தார். "உன் கைதான் ஆடாது, நீ எடு."

அவர் சொன்னது சரிதான், என் கை ஆடவில்லை. படம் வந்தது. மேடை, அடுப்புகள், பன்னிரண்டு வருடம் இளைய சரசக்கா. கூட்டத்திலிருந்து காக்கிச் சட்டை எழுந்து நின்றது. நான் பிடித்திருந்த போன் திரையில் தொலைக்காட்சியும் தெரிந்தது, அதன் பக்கத்தில் கையைத் தூக்கியபடியே நின்ற அண்ணனும் தெரிந்தார். நிறுத்தச் சொல்லும் சிக்னலைப் போல அவருடைய முஷ்டி மூடியிருந்தது. அவர் உதடு அசைந்துகொண்டிருந்தது. முதல் சொல்லிலிருந்து கடைசிச் சொல் வரை, தொலைக்காட்சியில் இருந்தவரோடு சேர்ந்து, சத்தமில்லாமல்.

சரசக்கா தொலைக்காட்சியை மட்டும்தான் பார்த்தார். நான் பதிவை நிறுத்திப் போனை அவர் கையில் கொடுத்தேன்.

சனிக்கிழமை காலை ஆள் வந்தார். உள்ளே பதிவு ஏதாவது இருந்தால் போய்விடும், பரவாயில்லையா என்று கேட்டார். "எடுத்தாச்சு லா, கொண்டு போங்க" என்றார் சரசக்கா, வீட்டை விட்டுப் போகும் விருந்தாளியை வழியனுப்புகிற மாதிரி. புதுப் பாக்ஸ் அமுக்கினவுடன் மாறுகிறது. தேநீர் கலக்கக்கூட நேரம் தருவதில்லை என்று அண்ணன் இப்போது குறை சொல்கிறார்.

அன்று மத்தியானம் என்னையும் சாப்பிடக் கூப்பிட்டார்கள். மீன் குழம்பு. அண்ணன் இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு, "உப்பு கொஞ்சம் கம்மி" என்றார்.

சரசக்கா போனை எடுத்துத் தண்ணீர்க் கூஜாவில் சாய்த்து வைத்தார். ஒன்பது விநாடி ஓடியது. பாதியில் அவர் குனிந்து திரையைப் பார்த்தார். மறுபடி முதலிலிருந்து ஓட விட்டார். இந்த முறை அவருடைய விரல் தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் உதட்டை அசைத்தபடி நிற்கும் ஆள்மீது போய் நின்றது.

"என்னங்க, நேத்து நீங்களும் சொன்னீங்களா?"

அண்ணன் திரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். காது வரை சிவந்துபோய்த் தட்டை முன்னால் நகர்த்தினார்.

"குழம்பு இன்னும் கொஞ்சம் ஊத்து" என்றார்.