கன்னத்துக் கட்டியும் நெல்மூட்டை ஊசியும்

இன்று மட்டக்களப்பில், என் காதடியில் வளரும் பூசணிக்காய்க் கட்டிக்கு ஊசிப் பரிசோதனை முடிவு கிடைத்தது. (பாக்களவுதான் என்கிறாள் மனைவி.)

"எச்சில் சுரப்பிக் கட்டி ஐயா. புற்றுநோய் இல்லை எண்டு வந்திருக்கு. பெரும்பாலும் சரியாத்தான் இருக்கும்," என்றார் டாக்டர்.

"பெரும்பாலும் எண்டா?"

"ஊசி குத்தின இடத்தைத்தான் காட்டும். வெட்டி எடுத்துப் பார்த்தாத்தான் நிச்சயம்."

அத்தோடு என் நிம்மதி போயிற்று. என் நெல்லை வாங்கும் முதலாளி, தரம் பார்க்க மூட்டையில் எங்கே ஊசி குத்துவார் என்றறிந்து, அங்கே மட்டும் நல்ல நெல்லை வைத்துத் தைப்பதில் ஈரேழு உலகத்திலும் எனக்கு நிகரில்லை.

மனைவிக்கும் அது தெரியும். "உங்கட கட்டி உங்களப் போலதானே இருக்கும்! வெட்டச் சொல்லுங்க."

சொல்லிவிட்டேன். செவ்வாய்க்கிழமை வெட்டுகிறார்கள்.

சுனாமிக்கும் சண்டைக்கும் தப்பிய இந்தச் சக்கரவர்த்திக்கு ஒரு சின்னக் கத்தியென்றால் பயம். இதே கட்டி வந்து வெட்டிக்கொண்டவர்கள் கீழே எழுதுங்கள். நல்ல செய்தி மட்டும்.