பேர் சொல்லாத பேச்சியம்மா

போன ஞாயிறு ஹட்டனில் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். என் அண்ணிக்கு வயிற்றில் ஆபரேஷன். நாலு ஆரஞ்சைக் கொடுத்துவிட்டு நழுவிவிடலாம் என்று நினைத்தேன். நடந்ததா?

பக்கத்துக் கட்டிலில் பேச்சியம்மா. கொத்மலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம். மலையில் கொழுந்துக் கூடையோடு வழுக்கி விழுந்து மண்டையில் அடி. லயத்து வரிசை வீட்டில் பால்குடிக் குழந்தை வேறு.

டாக்டர் சிங்கள இளைஞர், புதிதாக வந்தவர். தமிழ் தெரியாது. இரண்டு பாஷையும் தெரிந்த பாவத்துக்கு என்னைப் பிடித்துக்கொண்டார். அடிபட்டதில் ஞாபகம் தவறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டுமாம்.

"ஒங்க பேரு என்னம்மா?" சொன்னாள். "எந்தத் தோட்டம்?" சொன்னாள். "வீட்டுக்காரர் பேரு?"

முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

மறுபடி கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டாள். "கணவன் பெயரே மறந்துவிட்டதா? அப்படியானால் இன்றைக்கே கண்டி பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும்" என்றார் டாக்டர்.

கண்டி என்றது அவளுக்குப் புரிந்துவிட்டது. "ஐயோ, பச்சப் புள்ளைய வுட்டுட்டு நான் எப்படிங்க போவேன்!" என்று அழுதாள்.

எங்கள் பெண்கள் புருஷன் பெயரை வாயால் சொல்வதில்லை என்று விளக்கினேன். நம்பினார்... ஆனால் அடிபட்ட தலையாயிற்றே! "இந்த ஒரு தடவை சொல்லட்டும்" என்றார். அவர் கவலை அவருக்கு.

பேச்சியம்மா வாசலைப் பார்த்தாள். நோயாளிகளைப் பார்க்க வந்த ஆண்கள், பழைய கோட்டும் தலைப்பாகையுமாக அங்கே கூட்டமாக நின்றார்கள்.

"ஏங்க..."

நாலைந்து தலைகள் திரும்பின! எல்லார் வீட்டிலும் அதுதானே கூப்பிடும் பெயர்?

"ஏங்க, டாக்டரய்யாகிட்ட ஒங்க பேர நீங்களே சொல்லிருங்க."

ஒரே ஒருவர் முன்னால் வந்தார். ஏதோ குற்றம் செய்தவர் போலக் கையைக் கட்டிக்கொண்டு, "வேலுச்சாமிங்கய்யா" என்றார்.

நான் மொழிபெயர்க்கத் தேவையே இல்லை; அத்தனை கூட்டத்தில் தன் ஆளை அடையாளம் கண்டு கூப்பிட்டுவிட்டாளே! டாக்டர் சிரித்துவிட்டார். கண்டிப் பயணம் ரத்து!

ஊரிலுள்ள அத்தனை பெண்களும் சொல்லும் ஒரே வார்த்தை — ஆனால் ஒவ்வொருத்தி மனதிலும் வேறு வேறு முகம். அர்த்தமெல்லாம் அகராதியில் இருக்கிறது என்று யார் சொன்னது? எனக்குக் கண் கலங்கிவிட்டது. வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

அதோடு சும்மா இருந்தேனா? டாக்டர் நகர்ந்ததும் கேட்டேன்: "வெளியில சொல்ல வேணாம்... மனசுக்குள்ளயாவது அவர் பேரச் சொல்லிப் பார்த்திருக்கியாம்மா?"

கட்டுப்போட்ட தலையை ஆட்டிச் சிரித்தாள்.

"மனசுக்குள்ள பேரு எதுக்குங்க? அங்க அவரு ஒருத்தருதானே இருக்காரு!"